நிற்கிற வரைக்கும் இலவசம்

உங்கள் காவல் நிலையத்து வாசலில் வண்டி நிறுத்த நல்ல இடம் இருக்கிறது. வரும்போதே கவனித்தேன். மர நிழல், மேடுபள்ளம் இல்லாத தரை, காசு கேட்க ஆள் கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் கோணல்மாணலாக நிறுத்திவிட்டு உள்ளே போகிறார்கள். அருமை தெரியாதவர்கள். இந்த ஊரில் இப்படி ஓர் இடம் இன்னும் மிச்சமிருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. வெளியே சொல்லிவிடாதீர்கள். நகராட்சியின் காதில் விழுந்தால் நாளைக்கே வந்து கோடு போட்டுவிடுவார்கள்.

நானாகத்தான் வந்திருக்கிறேன், யாரும் கூப்பிட்டு வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது வண்டி ரிப்பேர் என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. ஆற அமரச் சொல்கிறேன். நடுவில் வெட்டாமல் கேட்டால் எதுவும் நியாயமில்லாமல் நடக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்குத் தொழில் பல் செட் செய்வது. மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிற பட்டறையில் அச்சு வார்த்து, மெழுகில் பல்லை நிறுத்தி, செட்டாக்கித் திருப்பி அனுப்புவேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவன் முதலில் தெரிந்துகொள்வது ஒன்று உண்டு. ஒரு பல் விழுந்தால் அந்த இடம் சும்மா கிடக்காது. பக்கத்துப் பல் மெதுவாக அதற்குள் சாயும், எதிர்ப் பல் இறங்கும். கொஞ்ச காலத்தில் அங்கே ஒரு பல் இருந்த தடமே இருக்காது. ஓர் இடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதைக் காலியாக விடக்கூடாது. இதைப் பல்லுக்காக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்கும் அதே கதைதான். நான் இங்கே குடிவந்த புதிதில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வண்டியை நிறுத்தலாம். சந்தை வாசல், நூலகத்தின் எதிர்ப்பக்கம், ரயில் நிலையத்தின் பின்புறம், பூங்காவின் சுற்றுச்சுவர் ஓரம் என்று எங்கும் நிறுத்தலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. முதல் கட்டணக் கம்பத்தைச் சந்தையில்தான் நட்டார்கள். அதுவும் கடைக்காரர்களே கேட்டு வாங்கிய வினை. ஆபீஸ் போகிறவர்கள் காலையில் விட்டுவிட்டு மாலைவரை எடுப்பதில்லை, வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று மனுக் கொடுத்தார்கள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்க நகராட்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? அடுத்து நூலகம். உள்ளே புத்தகம் இலவசம், வெளியே நிற்பதற்குக் காசு. அப்புறம் மருத்துவமனை, அப்புறம் பூங்கா. நடைப்பயிற்சிக்கு வருகிற நீரிழிவுக்காரர்கள் கட்டணத்துக்குப் பயந்து பாதிச் சுற்றோடு திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே ஊர் முழுவதும் நகர்ந்துகொண்டே வந்தது.

என் பட்டறைக்கும் அடி விழுந்தது. முன்பு செட் வாங்க வருகிற பெரியவர்கள் வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு நிதானமாக உட்காருவார்கள். போட்டுப் பார்த்து, பேசிப் பார்த்து, கண்ணாடி முன்னால் சிரித்துப் பார்த்து, கடைசியில் ஒரு பிஸ்கட்டையும் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். தெருமுனைவரை கட்டணம் வந்தபிறகு, வாயைத் திறந்துகொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்கள். “போதும் போதும், சரியாத்தான் இருக்கு” என்று ஓடினார்கள். சரியாக இருக்காது. ஈறு புண்ணாகி அடுத்த வாரம் மருத்துவரிடம் போய் என்னைத் திட்டுவார்கள். பல் போனால் சொல் போச்சு என்று பழமொழி. நல்ல பல்லைக் கொடுத்தும் என் சொல் போயிற்று.

காசு கொடுக்க வக்கில்லாதவன் என்று என்னை நினைக்க வேண்டாம். என்னால் கொடுக்க முடியும். ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ரோடு என் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லையே.

கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். சின்னத் தெரு, மறுமுனை சுவரில் முட்டி நிற்கும். வீட்டுக்கு ஒரு வண்டி வாசலில் நிற்கும். நகராட்சிக் கூடத்தில் கூட்டம் போட்டோம், கத்தினோம். பொறியாளர் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அப்போது நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். இப்போது நிற்கிற வண்டிகளை ஒன்றும் செய்யாதீர்கள், எது காலியாகிறதோ அந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பொறியாளர் கொஞ்சம் யோசித்தார். அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்ததை அப்போது நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

“சரிங்க. நிக்கிற வண்டி நிக்கிற வரைக்கும் இலவசம். எடுத்தா அந்த எடம் எங்களுது. இதுக்கு மேல என்னால எறங்கி வர முடியாது.”

தெருவே கைதட்டியது. பக்கத்து வீட்டு வாத்தியாரம்மா மட்டும், “எடுக்கக் கூடாதுன்னா அப்புறம் வண்டி எதுக்குங்க?” என்று கேட்டார். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தோம். அவரிடம் வண்டியே இல்லை.

அதன்பிறகு எங்கள் தெருவில் நடந்ததைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிக்காரர்கள் எல்லோரும் பேருந்தில் வேலைக்குப் போனார்கள். மாலையில் வியர்க்க விறுவிறுக்க வந்து, ஈரத்துணியால் வண்டியைத் துடைத்துவிட்டு வீட்டுக்குள் போவார்கள். விடுமுறை நாளில் எல்லா எஞ்சினையும் ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே புகைவிட்டுக்கொண்டு ஆளுக்கொரு இருக்கையில் உட்கார்ந்திருப்போம். எதிர்வீட்டில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர் இருந்தார். அவர் வண்டியையும் எடுக்கவில்லை. மாணவர்களை நின்ற வண்டியில் உட்காரவைத்து, “இப்போ சிக்னல் வருது, கியரை மாத்து… இப்போ மாடு குறுக்கே வருது, பிரேக்கைப் போடு” என்று பாடம் நடத்தினார். மாணவர்கள் பரீட்சைக்குப் போய், வண்டி நிஜமாகவே நகர்ந்ததும் அரண்டுபோனார்களாம். பள்ளியை மூடவேண்டி வந்தது. ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வேறு ஊருக்குப் போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் அங்கே கட்டம் வரைந்தாகிவிட்டது.

கட்டம் வரைகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டணம் வசூலிக்கக் குத்தகை எடுத்தவர் வைத்த ஆள். பச்சை நிறத்தில் சீருடைச் சட்டை, அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் பச்சைச்சட்டை. தெருமுனையில் குடைக்கு அடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். காலடியில் பெயிண்ட் டப்பா, பக்கத்தில் எண் வெட்டிய தகடு. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். வெயில் நேரத்தில் என் மனைவி அவருக்குத் தண்ணீர் கொடுப்பாள், தேநீர் கொடுப்பாள், பேச்சும் கொடுப்பாள். யாருக்குத்தான் கொடுக்கவில்லை. ஆனால் வண்டி போன இடத்தில் அவர் பெயிண்ட் காய்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒவ்வொருவராகத் தோற்றார்கள். ஒருவர் மகளைக் கல்லூரியில் விடப் போனார். ஒருவர் வண்டியையே விற்றார். ஒருவருடைய மைத்துனர் விருந்துக்கு வந்த இடத்தில் தெரியாமல் எடுத்துக்கொண்டு சிகரெட் வாங்கப் போய்விட்டார். அந்த வீட்டில் இன்றுவரை மைத்துனரோடு பேச்சுவார்த்தை இல்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கடைசியில் தெரு முழுவதும் எண் போட்ட கட்டங்கள், நடுவில் என் வண்டி ஒன்று மட்டும். மற்றத் தெருக்களிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். “இந்த ஊர்ல ஓசியில நிக்கிற கடைசி வண்டிடா இது” என்று ஒருவர் தன் பிள்ளைக்குக் காட்டினார். ஓசி என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் என்னவோ மனம் நிறைந்திருந்தது.

என் வண்டி என்கிறேன், அது சரியில்லை. வண்டி என் மனைவியுடையது. அவள் பல வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் வாங்கினாள். எனக்கு ஓட்டத் தெரியும், ஆனால் பிடிக்காது. அவளுக்கு அது மூச்சுவிடுவது மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரியைச் சுற்றிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவேன். வண்டியை எடுப்பதில்லை என்று முடிவான பிறகு அக்கா வீட்டுக்கு இரண்டு பேருந்து மாறிப் போனாள். முழங்கால் வலி உள்ளவள். நான் அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

“இப்ப நாம விட்டுக்குடுத்தா, நாளைக்கு நம்ம பேரப்புள்ளைங்க வந்தா எங்க நிறுத்தும்?”

“பேரப்புள்ளைங்க வந்து பாக்கறதுக்கு நாம இருக்கணுமேங்க” என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்வாள்.

ஒருநாள் அவள் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நான் பட்டறையில் இருந்தேன். வாசலில் வண்டியின் மேல்துணி உருவுகிற சத்தம் கேட்டு ஓடினேன். அவள் உட்கார்ந்து சாவியைத் திருப்பியே விட்டாள். பச்சைச்சட்டை முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அக்காவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, இடுப்பில் சின்ன விரிசல்தான்.

அன்று மாலையே பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டேன். கழற்றுவது என்றால் பெரிய வேலை இல்லை. ஒரு முனையைத் தளர்த்தி எடுத்து ஓரமாக வைத்தால் போதும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாவியைத் திருப்பினால் வண்டி பேசாது. அவளிடம் பேட்டரி போய்விட்டது என்று சொன்னேன்.

“மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்.”

“சொல்லியிருக்கேன். வரேன்னான்.”

கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். வாழ்நாள் முழுவதும் வேன் ஓட்டியவளுக்கு இது புரிந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். புரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவள் என்னை நம்பினாள். வண்டி கெட்டுவிடக்கூடாது அல்லவா, அதனால் அவள் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து ஒயரை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி கழற்றிவைப்பேன். இடையில் பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதும் வாங்கிப் போட்டேன். பச்சைச்சட்டை எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருமுறை, “அம்மாவுக்குத் தெரியுமா சார்?” என்று கேட்டார். அவருடைய வேலை பெயிண்ட் அடிப்பது.

பிறகு அவளுக்கு நெஞ்சுவலி ஒருமுறை வந்து போனது. மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, “அடுத்த தடவை வந்தா வீட்ல உக்காந்து யோசிச்சிட்டு இருக்காதீங்க, ஒடனே தூக்கிட்டு வந்துடுங்க” என்றார். நான் தலையாட்டினேன். மருத்துவமனை எங்கள் தெருமுனையிலிருந்து இரண்டு சிக்னல்தான். அவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அந்த நாளைச் சொல்கிறேன். முற்பகல் நேரம். பட்டறையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் அவள் இறங்கிவருகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை.

“என்னங்க, அன்னிக்கு மாதிரியே இருக்கு. கையெல்லாம் இழுக்குது. சாவியைக் குடுங்க.”

“வண்டிதான் ஸ்டார்ட் ஆகாதே.”

“குடுங்க, பாப்போம். என்னால ஓட்ட முடியும்.”

கொடுத்தேன். சாவியைக் கொடுக்க மறுத்தேன் என்று என் மகள் உங்களிடம் சொல்லியிருந்தால் அது தவறு. ஆம்புலன்ஸுக்கும் உடனே போன் செய்தேன். வண்டி வேறொரு நோயாளியை ஏற்றப் போயிருக்கிறது, திரும்பியதும் அனுப்புகிறோம் என்றார்கள். அடுப்பை அணைத்து, மெழுகுக் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்தேன். பாதியில் விட்டால் இறுகி வீணாகிவிடும்.

அவளே மேல்துணியை ஒரு பக்கமாக இழுத்துப்போட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை.

“ஒரு லைட்டும் எரியல. ஒயர்தான் கழண்டிருக்கும்” என்றாள். குரல் சன்னமாக இருந்தது. “பானெட்டைத் தொறந்து பாருங்க. தள்ளி மாட்டினாப் போதும்.”

திறந்தேன். பானெட் தூக்கி நிற்கும்போது உள்ளே இருப்பவருக்கு முன்னால் நிற்பவர் தெரியமாட்டார். ஒயர் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. கையில் எடுத்தேன். மாட்டுவதற்கு ஒரு நொடி ஆகாது. அங்கே நின்று நான் யோசித்தேன். ஆம்புலன்ஸ் எப்படியும் வரப்போகிறது. போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்திவிட்டுக் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. இந்த நிலைமையில் அவள் ஓட்டுவது ஆபத்து, நான் ஓட்டினால் பதற்றத்தில் எங்காவது இடிப்பேன். மருத்துவமனை வாசலிலும் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. வாயுத்தொல்லை என்று மருந்து கொடுத்து அனுப்பினால், திரும்பிவந்து பார்க்கும்போது இங்கே கட்டம் காய்ந்திருக்கும். இவ்வளவு நாள் பட்டதெல்லாம் ஒரு ஏப்பத்துக்காகப் போயிருக்கும். எல்லாம் நியாயமான யோசனைகள்தான். நீங்களே எழுதிப் பார்த்தால் எதிலும் பிசகு தெரியாது.

“ஒயர் சரியாத்தான் இருக்கு” என்று குரல் கொடுத்தேன்.

அப்போதுதான் பச்சைச்சட்டை ஓடிவந்தார். டப்பாவை முனையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார். என் கையைப் பார்த்தார்.

“சார், ஒயர் வெளிய இருக்கு சார். மாட்டுங்க சார்.”

“உங்க வேலையைப் பாருங்க.”

“சார், நான் பெயிண்ட் அடிக்க மாட்டேன் சார். எம் புள்ளைங்க மேல சத்தியம். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நானே இந்த எடத்துல படுத்துக்கறேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க சார்.”

அவர் மனதாரத்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் தினக்கூலி ஆள். மேற்பார்வையாளர் வந்து அதட்டினால் அவர் சத்தியம் எத்தனை நேரம் நிற்கும்? பொறியாளர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. ஒருமுறை ஏமாந்தவன் நான்.

அவர் கையை நீட்டி ஒயரை என்னிடமிருந்து பிடுங்கி மாட்டப் பார்த்தார். நான் பானெட்டை மூடினேன். அவர் விரல்கள் உள்ளே இருந்ததை நான் கவனிக்கவில்லை. அதற்கு உண்மையாகவே வருந்துகிறேன். சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியும் அனுப்பினேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கையை உதறிக்கொண்டு, “அம்மா, ஒயர் வெளியதாம்மா இருக்கு, இவரு மாட்ட மாட்டேங்கறாரும்மா” என்று கத்திவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட வாடகை வண்டி பிடிக்கப் பெரிய சாலைக்கு ஓடினார்.

பானெட் மூடியதும் கண்ணாடி வழியாக அவள் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபக்கம் போய் அவள் பக்கத்து இருக்கையில், என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன்.

“எத்தனை நாளாங்க?” என்று கேட்டாள்.

“அக்கா விழுந்தாங்களே, அன்னிலேர்ந்து.”

அவளுக்கு மூச்சு பெரிதாக வந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். அதை விடுவித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

“சரி, விடுங்க” என்றாள்.

அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். அவளும் புரிந்துகொண்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா, நான் யாருக்காக இதையெல்லாம் செய்தேன் என்று. அவள் உள்ளங்கையால் ஸ்டியரிங்கின் நடுவை அழுத்தி அழுத்திப் பார்த்தது எனக்கு அப்போது விளங்கவில்லை. ஹாரன் அடிக்கப் பார்த்திருக்கிறாள் என்று வாத்தியாரம்மா பிறகு சொன்னார், தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாராம். பேட்டரி இணைப்பு இல்லாமல் ஹாரன் அடிக்காது. பச்சைச்சட்டை வாடகை வண்டியோடு வந்தபோது அவள் தலை ஸ்டியரிங்கின்மேல் சாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸ் அதற்கும் பிறகு வந்தது. தெருவில் திருப்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே வந்து, பின்பக்கமாகவே போயிற்று.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கட்டம் போட்ட இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, அழுதுகொண்டே ரசீது கிழித்துக்கொண்டு வந்தார்கள். அழுகையின் நடுவே எழுந்துபோய் நேரத்தை நீட்டிவிட்டு வந்தவர்களும் உண்டு. என்ன ஊர் இது என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. என் மகள் வெளியூரிலிருந்து வந்தாள். அவளுக்காவது இலவச இடம் கொடுக்க முடியவில்லையே என்று இருந்தது. பச்சைச்சட்டை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்தது.

“அப்பா, அந்த வண்டியை என் கண்ணு முன்னாடி இருந்து எடுங்க” என்றாள்.

“அம்மா ஞாபகமா நிக்கட்டும்மா.”

அவள் என்னை ஏதோ அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நேராக உங்களிடம் வந்து புகார் கொடுத்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். சின்ன வயது, அம்மா போன துக்கம். யார்மேலாவது காட்டத்தானே வேண்டும்.

இனி நான் எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை உங்கள் காவலர் ஒருவர் வந்து, வண்டி உண்மையிலேயே பழுதா என்று நிபுணரை வைத்துப் பார்க்கப்போவதாகவும், அதற்காக நாளை இழுவை வண்டி வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பச்சைச்சட்டை கைக்கட்டோடு விடுப்பில் இருக்கிறார். அந்த முக்காலியில் இப்போது புது ஆள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காவலர் பேசியதைக் கேட்டதும் டப்பாவின் மூடியை நெம்பிப் பார்த்தார்.

சோதித்து என்ன கண்டுபிடிக்கப்போகிறீர்கள்? எல்லாவற்றையும் நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வண்டியில் பழுது ஒன்றும் இல்லை. பேட்டரி புதிது. ஒயரை மாட்டினால் முதல் திருப்பலிலேயே எஞ்சின் பிடிக்கும். ஒயரைக் கழற்றியவன் நான். அவள் கேட்டபோது கையில் வைத்துக்கொண்டே மாட்டாமல் நின்றவன் நான். மாட்ட வந்த கையை நசுக்கியவனும் நான்தான். கவனிக்கவில்லை என்று சற்றுமுன் சொன்னேன், அதை அடித்துவிடுங்கள், கவனித்துத்தான் மூடினேன். உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னாராம், நான் மறுக்கவில்லை. கொலை என்று போட வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்து என்று காட்டினால் போடுகிறேன். வக்கீல் வேண்டாம், ஜாமீன் வேண்டாம்.

இவ்வளவு எழுதிக் கொடுத்த பிறகு வண்டியைச் சோதிக்க அவசியம் இல்லை அல்லவா? நான் கேட்பது அது ஒன்றுதான். போட்டோ வேண்டுமானால் நின்ற இடத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள், சாவி மேசைமேல் இருக்கிறது. இழுத்துக்கொண்டு மட்டும் வந்துவிடாதீர்கள். என் மனைவி தன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய இடம் அது.